தாராசிங்கைத் தெரியும்... அவர் தூக்கி எறிந்த கிங்காங்கைத் தெரியுமா?

கொஞ்சம் உடம்பை ஏற்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் அகட்டி வைத்து ஒரு தடவை தெருவில் நடந்து பாருங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாராவது, மனசுல பெரிய தாராசிங்னு நினைப்போ என்று கேட்காமல் விடமாட்டார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும் சரி, சென்னை பாரிமுனையாக இருந்தாலும் சரி, இதுதான் நிலவரம். 1928-ல் பஞ்சாபில் பிறந்து 2012-ல் மும்பையில் இறந்த ஒருவரின் பெயர், தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது.

அதே பெரியவரிடம் இன்னும் இரண்டு நிமிஷம் பேச்சுக் கொடுங்கள். தாராசிங் பெயருக்குப் பின்னாலேயே இன்னொரு பெயர் வரும். கிங்காங். தாராசிங் என்ன செய்தார்? கிங்காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி ரிங்குக்கு வெளியே எறிந்தார். ஒரு தலைமுறையே இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தது.

சரி, அந்த கிங்காங் யார்? இங்கேதான் பேச்சு நின்றுவிடும். சிலருக்குக் குரங்குப் படம் ஞாபகம் வரும். சிலருக்கு நம்ம ஊர் காமெடி நடிகர் ஞாபகம் வருவார். இரண்டு பேரும் இல்லை. நிஜப் பெயர் எமில் சாயா. ஹங்கேரிக்காரர். தூக்கியவரின் கதை நமக்கு மனப்பாடம். தூக்கப்பட்டவரின் கதையை இன்னைக்குக் கொஞ்சம் பார்த்துடலாம்.

வீடு மாறவில்லை, நாடு மாறியது

எமில் சாயா பிறந்தது 1909-ல், பிராஸ்ஸோ என்ற மலையடிவார ஊரில். அன்றைக்கு அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. ஹங்கேரிக்காரர்கள், ஜெர்மானியர்கள், ருமேனியர்கள் என மூன்று மொழிக்காரர்களும் ஒரே தெருவில் வாழ்ந்த ஊர். ஒவ்வொருவரும் அந்த ஊருக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார்கள்.

அவருக்குப் பத்து வயது ஆவதற்குள் முதல் உலகப்போர் முடிந்தது. பேரரசு உடைந்தது. 1920 ஒப்பந்தம் அந்த ஊரை முறைப்படி ருமேனியாவுக்குக் கொடுத்துவிட்டது. இன்றைய வரைபடத்தில் பிராஷோவ் என்று தேடினால் ருமேனியாவில் கிடைக்கும். வீட்டைவிட்டு நகராமலே ஒரு சிறுவனின் நாடு மாறிப்போனது. பின்னாளில் அவர் எந்த ஊரிலும் வேர் பிடிக்காமல் கண்டம் விட்டுக் கண்டம் சுற்றியதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாழ்க்கையைப் படிக்கும்போது இந்த விஷயம் ஒரு ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கிறது.

உடம்பு மட்டும் எங்கே போனாலும் கூடவே வந்தது. வளர்ந்த ஆளான பிறகு அவர் எடை சுமார் 180 கிலோ. சில போஸ்டர்களில் அதைவிடவும் கூட. அந்த உடம்பை வைத்துப் பிழைக்க அன்றைக்கு ஒரு தொழில் இருந்தது. ஐரோப்பாவில் வளர்ந்துகொண்டிருந்த தொழில்முறை மல்யுத்தம். 1933-ல் ஹாலிவுட்டிலிருந்து கிங்காங் படம் வந்து உலகமெங்கும் ஓடியது. அந்தப் பெயரையே எமில் எடுத்துக்கொண்டார். எந்த மொழி பேசும் ஊராக இருந்தாலும் விளக்கம் தேவைப்படாத பெயர். போஸ்டரில் பெயரைப் பார்த்தாலே போதும், ஆள் எப்படி இருப்பார் என்று சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

இரண்டரை மணி நேரம் குப்புறப் படுத்தவர்

அவர் இந்தியா வந்தபோது இங்கே மல்யுத்தம் புதுசு கிடையாது. அகாடா மண்ணில் உருண்டு வளர்ந்த பயில்வான்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி காமா பயில்வான்.

காமாவின் ஒரு போட்டியைச் சொன்னால் மேலே வரப்போவது எளிதாகப் புரியும். 1910 செப்டம்பர் 10, லண்டன். காமாவுக்கு எதிரே போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ. காமாவின் பிடிக்குப் பயந்த ஸ்பிஸ்கோ, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். எழுந்திருக்கவே இல்லை. காமா புரட்டிப் பார்க்கிறார், அவர் புரளவில்லை. இப்படியே இரண்டு மணி நேரம் 35 நிமிஷம். கடைசியில் போட்டி சமன். ஒரு வாரம் கழித்து மறுபடி மோத நாள் குறித்தார்கள். ஸ்பிஸ்கோ வரவே இல்லை.

இது நிஜமான போட்டி. ஆனால் டிக்கெட் எடுத்தவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு ஆள் படுத்திருக்கிறார், இன்னொரு ஆள் தள்ளிக்கொண்டிருக்கிறார். இதை இரண்டரை மணி நேரம் யார் பார்ப்பது?

உலகம் முழுக்க மல்யுத்த முதலாளிகள் இந்தச் சிக்கலுக்கு ஒரே மாதிரியான தீர்வைத்தான் கண்டுபிடித்தார்கள். மண்ணுக்குப் பதிலாகக் கயிறு கட்டிய உயரமான மேடை. ஒரு நல்லவர், ஒரு கெட்டவர். முடிவு பெரும்பாலும் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது. எந்த மோதல் நிஜம், எது ஏற்பாடு என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் தர்மம். 90-களிலும் 2000-களிலும் ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடியவர்களுக்கு அண்டர்டேக்கர் கதை தெரியும்ல? அதற்கெல்லாம் தாத்தா இதுதான்.

மெக்சிகோவில் இதே கலை லூச்சா லிப்ரே என்ற பெயரில் வளர்ந்தது. கிங்காங் படம் வந்த அதே 1933-ல்தான் அங்கே அதற்கென முதல் பெரிய நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே நல்லவருக்கு டெக்னிகோ என்று பெயர், கெட்டவருக்கு ரூடோ. பல பேர் முகமூடி போட்டுக்கொண்டு மோதுவார்கள். வெள்ளி முகமூடி போட்ட எல் சாண்டோ அங்கே தாராசிங் மாதிரி. இன்றைக்கு நீங்கள் மெக்சிகோ சிட்டிக்கு சுற்றுலா போனால், இதற்கென்றே மாலை நேர டூர் இருக்கிறது. கைடு உங்களை முதலில் ஒரு கடைக்கு அழைத்துப்போய் மெஸ்காலோ பீரோ வாங்கித் தருவார். டாக்கோஸ் சாப்பிட வைப்பார். கையில் ஒரு முகமூடியைக் கொடுத்து, யாருக்குக் கை தட்டணும், யாரைப் பார்த்துக் கூச்சல் போடணும் என்று சொல்லிக்கொடுத்து, 1956-ல் கட்டிய அரீனா மெக்சிகோவுக்குள் கூட்டிப்போவார்.

கேட்கும்போது புதுமையாக இருக்கலாம். ஆனால் இந்த மாதிரி ஒரு ராத்திரி, 70 வருஷத்துக்கு முன்பே நம் ஆட்களுக்குக் கிடைத்திருக்கிறது. சிங்கப்பூரில்.

வாங்க, ஹாப்பி வேர்ல்டுக்கு!

சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே புளியங்குடி வந்து, அங்கிருந்து தெற்கே திரும்பினால் கடையநல்லூர். அதற்கும் கீழே தென்காசி. இந்த ஊர்களிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். அங்கே 1939-ல் தென்காசி முஸ்லிம்கள் தங்களுக்கென ஒரு நலச்சங்கம் வைத்தார்கள். 1941-ல் கடையநல்லூர்க்காரர்கள் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். சங்கம் வைக்கும் அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் போன ஒருவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1950-களின் தொடக்கம். ரஜூலா கப்பலில் வந்து இறங்கி சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. வாரம் முழுக்க வேலை. சனிக்கிழமை ராத்திரி, உங்களுக்கு முன்பே வந்து செட்டிலான ஊர்க்காரர் ஒருவர், வாடே போயிட்டு வருவோம் என்று கிளப்புகிறார். அவர்தான் உங்கள் கைடு.

போகும் இடத்துக்கு மூன்று வாய்ப்பு உண்டு. ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டு. லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரம். கிம் செங் சாலையில் கிரேட் வேர்ல்டு. கேலாங் பக்கம் ஹாப்பி வேர்ல்டு. மூன்றுமே கேளிக்கைப் பூங்காக்கள். நம்ம ஊர்ப் பொருட்காட்சியை வருஷம் முழுக்க நடத்தினால் எப்படி இருக்கும்? அதுதான். சினிமாக் கொட்டகை, ராட்டினம், சீன நாடகம், மலாய் ரொங்கெங் ஆட்டம், டிக்கெட் வாங்கினால் ஒரு பாட்டுக்கு மட்டும் கூட ஆட வரும் பெண்கள் இருந்த கேபரே. எல்லாம் ஒரே வளாகத்துக்குள்.

உள்ளே நுழைந்ததும் வாசனைதான் முதலில் வரவேற்கும். கரி அடுப்பில் விசிறி வீசிச் சுடும் சாத்தே. குச்சியில் கோத்த கறியை வேர்க்கடலைச் சாற்றில் முக்கித் தின்ன வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் இரும்புச் சட்டியில் தட்டிப் புரட்டும் மீ கோரிங். இந்தப் பக்கம் காச்சாங் பூத்தே. பட்டாணி, கொண்டைக்கடலை, முந்திரி, முறுக்கு என்று வகை வகையாகக் கூம்புப் பொட்டலத்தில் தருவார்கள். விற்றவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அந்தப் பொட்டலத்தை வாங்கும்போது மட்டும் உங்கள் வாயில் மலாய் வராது, தமிழே போதும். குடிக்கக் கரும்புச்சாறு இருக்கிறது, ஆற்றி ஆற்றி நுரை கட்டிய தே தாரிக் இருக்கிறது, பணம் இருப்பவருக்கு 1932 முதல் அங்கேயே தயாரான டைகர் பீர் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஐஸைச் சீவி உருட்டி, மேலே கலர் பாகு ஊற்றிய ஐஸ் உருண்டை.

பொட்டலத்தோடு ஸ்டேடியத்துக்குள் போய் உட்காருங்கள். கைடு காதில் சொல்வார். இப்போ வர்றவரைப் பார்த்தா நல்லா கத்தணும், கூச்சப்படாதே என்று.

கிங்காங் வருகிறார்.

அவர் நடக்கும்போது மேடைப் பலகை முனகும். கயிற்றை அழுத்திப் பிடித்து உள்ளே ஏறுவதே ஒரு காட்சி. கூட்டத்தைப் பார்த்து முறைப்பார். உடனே இருபக்கமும் ஊளை. தமிழில், மலாயில், ஹொக்கியனில், பஞ்சாபியில் எத்தனை வசவு உண்டோ அத்தனையும் பறக்கும். அத்தனைக்கும் அவர் முகம் கொடுப்பார்.

அந்தக் கூச்சலில் ஒரு விஷயம் இருக்கிறது. அன்றைய சிங்கப்பூர் பிரிட்டிஷ் காலனி. துறைமுகத்திலும், படைத்தளத்திலும், தோட்டத்திலும் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்துக் குரல் உயர்த்த முடியாது. உயர்த்தினால் வேலை போகும். இங்கே மட்டும் டிக்கெட் காசு கொடுத்தால் போதும். ஒரு பிரமாண்டமான வெள்ளைக்கார உடம்பைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தலாம். அந்த உடம்பு ஒரு ஆசியாக்காரரின் கையால் கீழே விழுவதைப் பார்க்கலாம். திங்கட்கிழமை மறுபடி தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போகலாம்.

ஆனால் அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் ஆளவந்த இனத்தைச் சேர்ந்தவரே இல்லை. பிறந்த நாட்டைப் பத்து வயதில் தொலைத்த, உடம்பை வைத்துப் பிழைக்க வந்த இன்னொரு கூலிக்காரர். கூட்டத்துக்கு அது தெரியாது. தெரிந்தால் கத்த முடியாது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

டிரம் கம்பெனியிலிருந்து ஒரு பையன்

1940-களின் கடைசியில் பஞ்சாபிலிருந்து ஒரு இளைஞர் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். டிரம் தயாரிக்கும் ஆலையில் வேலை. ஆறடிக்கும் மேல் உயரம். அவர் உடம்பைப் பார்த்தவர்கள் சும்மா விடவில்லை. கிரேட் வேர்ல்டு ஸ்டேடியத்தில் ஹர்னாம் சிங் என்பவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவர்தான் தாராசிங்.

சில வருஷங்களில் மலாயாவின் பெரிய மல்லராக உயர்ந்து, 1950-களின் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். 1954-ல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம் வாங்கினார். அதாவது இந்தியாவின் வீரர். ஆனால் பட்டம் வாங்கியதால் மட்டும் ஒருவர் ஹீரோ ஆகிவிட முடியாது. ஹீரோவுக்கு எதிரே ஒரு மலை நிற்க வேண்டும். அந்த மலை கிங்காங்.

இரண்டு பேரும் எத்தனை ஊரில் எத்தனை முறை மோதினார்கள் என்று எண்ணி மாளாது. எங்கே போனாலும் ஏற்பாடு ஒன்றுதான். முதலில் கிங்காங்கின் கை ஓங்கும். விதியை மீறுவார். நடுவரை ஏமாற்றுவார். கூட்டம் கொதிக்கும். தாராசிங் கீழே விழுந்து கிடப்பார். இனி அவ்வளவுதான் என்று நினைக்கும் நேரத்தில் எழுவார். அதன் பிறகு நடப்பதைத்தான் டீக்கடைப் பெரியவர் இன்றைக்கும் சொல்கிறார்.

180 கிலோவை யார் தூக்கியது?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தாராசிங்கின் எடை 130 கிலோவுக்குப் பக்கம். அவர் பலசாலி, சந்தேகமே இல்லை. ஆனால் 180 கிலோ இரும்பைத் தூக்குவது வேறு, 180 கிலோ மனிதரைத் தூக்குவது வேறு. இரும்புக்குப் பிடி உண்டு, அது அசையாது. மனிதர் துவண்டால் எடை கூடின மாதிரி ஆகிவிடும். தூங்கிப்போன குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டிருக்கிறீர்களா? முழித்திருக்கும்போது இருந்ததைவிடக் கனக்கும்ல? அதேதான்.

எந்த ஊர் ரிங்கிலும், ஒரு பெரிய மல்லர் தலைக்கு மேல் போக வேண்டுமென்றால் அவர் பாதி வேலையைத் தானே செய்ய வேண்டும். சரியான நொடியில் காலை உந்த வேண்டும். எதிராளியின் தோளிலோ இடுப்பிலோ கையை ஊன்ற வேண்டும். மேலே போனதும் உடம்பைப் பலகை மாதிரி விறைப்பாக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் தூக்குபவரின் முதுகு போய்விடும்.

அதன் பிறகு விழ வேண்டும். மேடை மெத்தை கிடையாது. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் லேசான விரிப்பு. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, கைகளை விரித்து அறைந்தபடி விழ வேண்டும். அப்போதுதான் அடி பரவும், சத்தமும் வரும். முடிவைப் பேசி வைக்கலாம். புவியீர்ப்பு விசையோடு யாரும் பேசி வைக்க முடியாது. 70 கிலோ ஆள் விழுவதற்கும் 180 கிலோ ஆள் விழுவதற்கும் எலும்புக்கு வித்தியாசம் தெரியும்.

நம்ப முடியாத கனம், அதை நம்பும்படி தூக்க வைத்து, நம்பும்படி விழுவது. கிங்காங்கின் தொழில் இதுதான். தான் எத்தனை பெரியவரோ, தன்னைச் சாய்த்தவர் அதைவிடப் பெரியவர் என்று கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். மறுவாரம் இன்னொரு ஊரில் மறுபடி பயமுறுத்தும் மலையாக வந்து நிற்க வேண்டும். வாரா வாரம் தோற்றும் ஒருவரைப் பார்த்துக் கூட்டம் பயப்பட வேண்டும் என்றால், அது சாதாரணத் திறமையா?

டோக்கியோவில் ஒரு நவம்பர்

இந்தத் திறமையின் அருமையை ஜப்பான்காரர்களும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இரண்டாம் உலகப்போரில் தோற்றுப் போயிருந்த ஜப்பானில், டி.வி. அறிமுகமான புதிதில், ரிகிடோசான் என்ற மல்லர் தேசத்தின் ஹீரோவானார். பெரிய பெரிய வெள்ளைக்கார மல்லர்களைக் கையை வெட்டுக்கத்தி போல வீசிச் சாய்ப்பார். ஜனங்கள் தெருவில் வைத்த டி.வி. முன்னால் கூடி நின்று பார்த்து அழுதார்கள்.

1955 நவம்பரில் அவர் ஆசிய சாம்பியன் பட்டத்துக்குப் போட்டி வைத்தார். சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கிங்காங் போனார், கூடவே டைகர் ஜோகிந்தர் சிங். ஜோடிப் பிரிவில் இந்த இருவரும் ஜெயித்தார்கள். நவம்பர் 22 அன்று தனிநபர் பிரிவு இறுதிப்போட்டி. ரிகிடோசானும் கிங்காங்கும் மோதினார்கள். ஜெயித்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். ஜப்பானின் மானத்தைக் காத்தவராகக் கொண்டாடப்பட்ட ரிகிடோசான், பிறந்தது கொரியாவில். அந்த விஷயத்தை வெளியே தெரியாமல் வைத்திருந்தார். ஆசிய சாம்பியன் பட்டத்துக்கு எதிரே நின்றவரோ ஐரோப்பாவில் பிறந்தவர். ரிங்குக்குள் இரண்டு பேருமே தங்கள் சொந்த ஊரை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள்தான். பார்த்தவர்கள் மட்டும் தங்கள் நாட்டைப் பார்த்தார்கள்.

ஆக, பஞ்சாபிகளுக்கு ஒரு ஹீரோ, ஜப்பானியர்களுக்கு ஒரு ஹீரோ. இரண்டு பேரையும் உயர்த்திக் காட்டியதில் ஒரே முதுகுக்குப் பங்குண்டு.

பெயரும் போயிற்று

1962-ல் பாபுபாய் மிஸ்திரி இயக்கத்தில் இந்தியில் ஒரு படம் வந்தது. தாராசிங் கதாநாயகன். குரங்கு கிடையாது. ஆனால் படத்தின் பெயர் கிங்காங். தாராசிங்கை சினிமா நட்சத்திரமாக்கியது அந்தப் படம்தான். அங்கிருந்து வரிசையாகப் படங்கள், 1968-ல் மும்பையில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலக சாம்பியன் பட்டம், 80-களின் ராமாயணம் டி.வி. தொடரில் அனுமன் வேடம், மாநிலங்களவை உறுப்பினர் பதவி. ஒரு விவசாயி மகனின் வாழ்க்கை ஏணி ஏணியாக ஏறியது.

கிங்காங்குக்கு அந்த ஏணி கிடைக்கவில்லை. வில்லனுக்கு எந்த அரசாங்கமும் பதவி தருவதில்லை. கெட்டவர் வேஷம் போட்டவரைத் தெருவில் பார்த்தாலும் நாம் அப்படித்தானே பார்ப்போம்? நம்பியார் சாமியை நேரில் பார்த்துப் பயந்தவர்கள் நம் ஊரிலும் இருந்தார்களே. அவர் வருஷா வருஷம் சபரிமலைக்குப் போன பக்தர் என்பது பிறகுதான் பலருக்கும் தெரிந்தது.

கிங்காங்கைப் பற்றியும் ஊருக்கு ஒரு கதை உலவியது. எல்லாமே சாப்பாட்டுக் கதை. ஒரு வேளைக்கு எத்தனை கோழி, எத்தனை டஜன் முட்டை, எத்தனை லிட்டர் பால் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். அவர் என்ன மொழியில் கனவு கண்டார், ஹங்கேரியில் யாரை விட்டு வந்தார் என்று யாரும் கதை கட்டவில்லை. மலைக்குச் சொந்த ஊர் எதுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

கடைசிப் பயணம்

காலம் மாறியது. 1963-ல் சிங்கப்பூருக்கு டி.வி. வந்தது. 1965-ல் சிங்கப்பூர் தனிநாடானது. ஹாப்பி வேர்ல்டு 1966-ல் கே வேர்ல்டு என்று பெயர் மாறியது. ராத்திரி ஆனால் பூங்காவுக்குப் போவது என்ற பழக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. கத்துவதற்கு வெள்ளைக்கார துரையும் இல்லை.

கிங்காங் 60 வயதைத் தொட்டுவிட்டார். அந்த வயதிலும் மலேசியச் சாலைகளில் பயணம் நிற்கவில்லை. அப்படி ஒரு பயணத்தில்தான் அவருடைய கார் விபத்துக்குள்ளானது. படுகாயம். 1970 மே மாதம் சிங்கப்பூரில் உயிர் போனது.

எத்தனையோ ஆயிரம் தடவை விழுந்து, ஒவ்வொரு தடவையும் எழுந்து உடை மாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பியவர். ஒத்திகை பார்க்க முடியாத ஒரே ஒரு விழுதலில் எழவில்லை. பிறந்த ஊருக்கும் இறந்த ஊருக்கும் இடையே பல ஆயிரம் கிலோமீட்டர். அவரைத் தூக்கி எறிந்தவரின் பெயர் நம் வாயில் தங்கிவிட்டது. இவர் பெயர் மறுபடி குரங்குக்கே போய்விட்டது.

ஊருக்குத் திரும்புவோம்

சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு பார்க்க வருபவர்களுக்கு ஊரின் பழைய கதை தெரிந்திருக்கும். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள் சண்டை. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா? கோமதி அம்மன் தவம் இருக்க, இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் சங்கரநாராயணராகக் காட்சி தந்தார். யார் ஜெயித்தது என்ற கேள்வியே அதோடு முடிந்துபோனது. தாராசிங்கும் கிங்காங்கும் சாமி இல்லை. ஆனால் அந்த மேடையில் இரண்டு பேரும் பாதிப் பாதிதான். ஒரு பாதியை எடுத்துவிட்டால் இன்னொரு பாதிக்கு உருவமே இல்லை.

மெக்சிகோக்காரர்கள் இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே கெட்டவரான ரூடோவுக்கும் ரசிகர் கூட்டம் உண்டு. அவர் முகமூடியும் கடையில் தொங்கும், பிள்ளைகள் கேட்டு வாங்குவார்கள். 2018-ல் மெக்சிகோ சிட்டி நிர்வாகம் லூச்சா லிப்ரேயை நகரத்தின் பண்பாட்டுச் சொத்து என்றே அறிவித்துவிட்டது. சிங்கப்பூரில் கிரேட் வேர்ல்டு இருந்த இடத்தில் இன்று ஷாப்பிங் மால். நியூ வேர்ல்டு இருந்த இடத்திலும் மால்தான். பழைய நுழைவாயிலை மட்டும் ஞாபகத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவுக்குப் போனால் நடந்துபோய்ப் பாருங்கள்.

அதைவிடப் பக்கத்தில் ஒரு ஞாபகம் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சிங்கப்பூர், மலேசியா போய் வந்த தாத்தாக்களும் பெரியப்பாக்களும் கடையநல்லூர், தென்காசிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். 1960-களில் பார்த்தவர்களுக்கே இப்போது 80 வயது. இன்னும் பத்து வருஷம் கழித்துக் கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. அடுத்த தடவை அவர்களைப் பார்க்கும்போது ஒரு பொட்டலம் கடலையோடு உட்காருங்கள். தாராசிங் எப்படித் தூக்கினார் என்று கேட்காதீர்கள், அது நமக்கே தெரியும். கிங்காங் எப்படி விழுந்தார், விழுந்த பிறகு எப்படி எழுந்து போனார் என்று கேளுங்கள். யாராவது ஒருத்தராவது அதைக் கவனித்திருப்பார்.